குழியில் நட்ட பூவரசங்கிளை

இந்தக் கதையை அவசரப்படாமல் கேளுங்கள். கடைசியில் நியாயம் சொல்லப்போவது நீங்கள்தான்.

கடலோரத்து நகரம் ஒன்றில் தெய்வானை என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். பிள்ளைகள் ஆளாகி வெளியூர் போய்விட்டார்கள். கைமுறுக்கு சுற்றுவதுதான் பிழைப்பு. கல்யாணச் சீர்த்தட்டுக்கு அவள் சுற்றிய முறுக்குதான் வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள். அவளுக்கு மிஞ்சியது இரண்டுதான்: பத்து விரலும் முருகனும்.

அவள் தெருமுனையில், பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டினாற்போல, சாக்கடை வேலைக்கென்று மாநகராட்சி ஆட்கள் குழி தோண்டினார்கள். தோண்டியவர்கள் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். தடுப்பும் இல்லை, ஒரு சிவப்புத் துணியும் இல்லை. யார் வீட்டுப் பிள்ளை விழப்போகிறதோ என்று தெய்வானைக்கு மனசு கேட்கவில்லை. பூவரச மரத்தில் இலை அடர்ந்த கிளையாக ஒன்றை ஒடித்துக் குழியில் நட்டுவைத்தாள். நம் ஊர்களில் குழிக்கு அதுதானே எச்சரிக்கைப் பலகை.

மறுநாள் மத்தியானம் முறுக்குத் தாம்பாளத்தோடு வந்தவள் பார்த்தாள். ஆடுகள் இலை முழுவதையும் தின்றுவிட்டு வெறுங்குச்சியை விட்டிருந்தன. திரும்பி வரும்போது வேறு கிளை வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குள் மழை பிடித்துக் கொட்டியது. ரோடும் குழியும் ஒரே தண்ணீராகிக் கிடந்த நேரத்தில் பஸ் வந்தது.

"ஏறுங்க முறுக்கக்கா, நனைஞ்சா முறுக்கு களியாயிரும்," என்றார் டிரைவர் மைதீன் பிச்சை.

"உங்க வண்டி ஊர் போய்ச் சேருறதுக்குள்ள அதுல பூசணமே பூத்துரும்ணே," என்று சிரித்துக்கொண்டே ஏறினாள். குழியைப் பற்றிச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. தினம் ஓட்டுகிறவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டாள்.

பஸ் கிளம்பியதும் முன்சக்கரம் குழிக்குள் இறங்கியது. தெய்வானையின் வலது கை சீட்டுக் கம்பிக்கு இடையில் மாட்டி நசுங்கியது. அன்று சாயங்காலமே மாநகராட்சி லாரி வந்து மண்ணைக் கொட்டிக் குழியை மூடிவிட்டது.

எலும்பு கூடியது. விரல் மடங்கவில்லை. "ஒரு வருஷத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணினா மடங்கும். தள்ளிப்போனா என் கையில இல்லம்மா," என்றார் டாக்டர். அந்தச் செலவுக்காகத்தான் மாநகராட்சி மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாள். வாய்தா மேல் வாய்தாவாக நாள் போயிற்று. மைதீன் பிச்சையையும் வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்தார்கள்.

விசாரணையன்று மாநகராட்சி வக்கீல் ஒரு போட்டோவை நீட்டினார். அதே குழி. சுற்றிலும் மண் பொலபொலவென்று காய்ந்து கிடக்க, நடுவில் பச்சைப்பசேலென்று பூவரசங்கிளை.

"எங்கள் அதிகாரி நேரில் போய் எடுத்த படம். எச்சரிக்கை இருந்திருக்கிறது. பார்க்காமல் ஓட்டியது டிரைவர் தவறு," என்றார்.

தெய்வானையின் வக்கீல் அவள் காதோரம் குனிந்தார். "அம்மா, கிளை வச்சது நீங்கன்னு சொல்லிராதீங்க. டிரைவர் கவனிக்கலைன்னு ஒரு வார்த்தை போதும். பஸ்காரங்ககிட்ட இருந்தாவது சீக்கிரம் பணம் வரும். கை தப்பிச்சுரும்."

கோர்ட் வாசலில் மைதீன் பிச்சையும் அதையே சொல்லியிருந்தார். "உங்களுக்கு விரல் மடங்கணும்க்கா. அதுக்கு என்ன சொல்லணுமோ சொல்லுங்க. என்னைய அல்லா பாத்துக்கிடுவான்."

தெய்வானை கூண்டில் ஏறினாள். "கிளைய வச்சது நாந்தான்யா. இலைய ஆடு தின்னுட்டு. தண்ணிக்குள்ள ஒத்தக் குச்சி நின்னா அண்ணனுக்கு எப்படித் தெரியும்?"

"குச்சியாக நின்றதை நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டார் மாநகராட்சி வக்கீல்.

"பாத்தேன்."

"டிரைவரிடம் சொன்னீர்களா?"

"சொல்லலை."

"அப்படியானால் தவறு உங்கள் மேல்தான்."

"ஆமாய்யா," என்றாள் அவள். நீதிபதி அடுத்த வாய்தா கொடுத்து எழுந்துவிட்டார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மாநகராட்சி வக்கீல் முதலில் டிரைவரைக் காட்டினார், பிறகு தெய்வானையைக் காட்டினார். அவளும் தன் மேலேயே போட்டுக்கொண்டாள். அந்தப் பூவரசங்கிளை யாருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது?

விடை: போட்டோவில் கிளைக்கு இலை இருந்தது, மண்ணும் காய்ந்திருந்தது. ஆடு தின்பதற்கும் மழை வருவதற்கும் முன்னால் எடுத்த படம் அது. விபத்துக்குப் பிறகு எடுத்திருக்க முடியாது, அன்றே குழியை மூடிவிட்டார்களே. ஆகவே அதிகாரி முன்கூட்டியே வந்து குழியைக் கண்டிருக்கிறார். கண்டவர், யாரோ ஒருத்தி நட்ட கிளையைப் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். தெய்வானை வாய் திறக்காதது பிசகுதான். ஆனால் குழியை மூடவேண்டிய கடமை அவளுடையதல்ல. கிளை சாட்சி சொல்வது மாநகராட்சிக்கு எதிராக. அவள் வக்கீலுக்கு இது பிடிபட்டது அடுத்த வாய்தாவில். பதில் சொல்ல மாநகராட்சி அவகாசம் கேட்டது, கிடைத்தது. பிறகு மறுபடியும் கேட்டது. அதற்குள் டாக்டர் சொன்ன வருஷம் முடிந்துபோனது. தெய்வானையின் வலது கை இப்போது சாமி கும்பிட மட்டும் உதவுகிறது. அதற்கு விரல் மடங்கவேண்டியதில்லை.