மைமூன் வெட்டின மூணு துண்டு

ஒரு ஊர்ல ஒரு மைமூன் இருந்தா. சந்தையில ஆட்டுக்கறி வெட்டிக் குடுப்பா. வாய் பேசாது, கத்திதான் பேசும். மூட்டுப் பார்த்து வெச்சா சதக்குனு பிரியும். எலும்பு ஒரு சில்லு சிதறாது. ம் கொட்டுறியா கண்ணு?

ம்?

அப்புறம் சந்தையை இடிச்சுட்டாங்க. பிழைக்கணுமே. பெரியாஸ்பத்திரியில மைக்ல பேர் கூப்பிட ஆள் தேடுறாங்கன்னு கேட்டு, போய் நின்னா. மேனேஜர் லூர்துசாமி அங்க காத்திருந்த ஒரு நோயாளியோட சீட்டைக் குடுத்து, அதைப் படிச்சும் காட்டினார்.

"வெள்ளையம்மா, கேஸ்ட்ரோஎன்ட்ராலஜி. பிரிவோட பேரை போர்டுல இருக்கிறபடியேதான் சொல்லணும். மூணு தரம் கூப்பிடு. அந்தம்மா சரியான ரூமுக்குப் போனா வேலை உனக்கு. இல்லன்னா வெளியில இன்னொருத்தி நிக்கிறா."

அப்போ மைமூன் ஒரே மூச்சுல சொன்னா. கடகடகடன்னு தகர டப்பா படியில உருண்ட மாதிரி இருந்துது. வெள்ளையம்மா எழுந்தா, திருதிருன்னு முழிச்சா, திரும்ப உட்கார்ந்துட்டா.

ரெண்டாவது தரம், அளந்து அளந்து வெட்டினா. "கேஸ்ட். ரோயென். ட்ரா. லஜி."

"யாருடி இவ, ஏலம் விடுறா," அப்படின்னு ஒருத்தி சிரிச்சா. வெள்ளையம்மா எலும்பு டாக்டர் ரூமுக்குள்ள போய்ட்டு, அதே வேகத்துல வெளிய வந்தா.

"இன்னும் ஒரே தரம்," என்றார் லூர்துசாமி.

ம்?

மைமூன் பல்லைக் கடிச்சுக்கிட்டா. 'ஆட்டுக்காலை அளவு பார்த்தா வெட்டுவோம்? மூட்டுல்ல பார்க்கணும்.' சுவத்துல இருந்த போர்டுகளைப் பார்த்தா. கார்டியாலஜி, பக்கத்துல இதயப் படம். நெஃப்ராலஜி, சிறுநீரகப் படம். ரெண்டுக்கும் வால் ஒண்ணுதான், ஆலஜி. சதக். வால் தனியாச்சு. முன்னால கேஸ்ட்ரோ. வயித்தெரிச்சலுக்குப் போடுற கேஸ்ட்ரிக் மாத்திரை ஞாபகம் வந்துது. சதக். அப்போ நடுவுல? பக்கத்துல நின்ன நர்ஸ் பக்கம் திரும்பினா.

"சிஸ்டர், இந்த என்ட்ர்னா என்னங்க?"

"குடல்."

இரைப்பை முடிஞ்சு குடல் தொடங்குற இடம் மைமூன் விரலுக்குத் தெரியாதா? மைக்கைப் பிடிச்சா.

"வெள்ளையம்மா. கேஸ்ட்ரோ, வயிறு. என்ட்ர், குடல். ஆலஜி, அதைப் பத்தின படிப்பு. கேஸ்ட்ரோ, என்ட்ர், ஆலஜி."

வெள்ளையம்மா எழுந்தா. கேஸ்ட்ரோ, என்ட்ர், ஆலஜின்னு முணுமுணுத்துக்கிட்டே ஒவ்வொரு போர்டையும் விரலால தொட்டுத் தொட்டுப் பார்த்தா. எலும்பைத் தாண்டினா, இதயத்தைத் தாண்டினா. கடைசிக் கதவுல விரல் நின்னுது. டொக் டொக்.

"வாங்கம்மா," என்றார் உள்ள இருந்த வயித்து டாக்டர்.

லூர்துசாமி நாற்காலியை மைக்குக்கு முன்னால இழுத்துப் போட்டார். "உட்காரும்மா. அடுத்தது இதைவிட நீளம்."

"குடுங்க சார்," என்றா மைமூன்.

கதை ஆஸ்பத்திரிக்குப் போச்சு, தூக்கம் நம்ம வீட்டுக்கு வந்தாச்சு. கண்ணை மூடு.