ஆள்காட்டிக்குப் பெயர் வைத்த ஊர்

பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், ஓர் அகன்ற ஆற்றின் தென்கரையில் இலுப்பைத்துறை என்று ஓர் ஊர் இருந்தது.

அந்தப் பெயரை யாரும் உட்கார்ந்து யோசித்து வைக்கவில்லை. துறையில் ஒரு பெரிய இலுப்பை மரம் நின்றது. அக்கரையிலிருந்து வருகிறவர்கள் அதைக் குறி வைத்துத்தான் பரிசலைத் திருப்புவார்கள். அதனால் இலுப்பைத்துறை.

அந்தத் துறையில் பரிசல் ஓட்டியவள் பூவாயி. புருஷன் காய்ச்சலில் போன பிறகு துடுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். இக்கரையில் நின்று அவள் அதட்டினால் அக்கரையில் மேய்கிற மாடு திரும்பிப் பார்க்கும் என்று ஊரில் சொல்வார்கள். அப்படி ஒரு குரல். அவளுக்கு ஒரே மகள், மயிலாத்தா. வடக்கே மலையடிவாரத்து ஊரொன்றில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தாள்.

இலுப்பையின் உச்சிக்கிளையில் ஒரு பறவை கூடு கட்டியிருந்தது. அதற்கு அப்போது வேறு பெயர். குரல் இனிமையான குரல். விடிந்ததும் அது பாடும், அதைக் கேட்டபடி பூவாயி பரிசலைத் தண்ணீரில் தள்ளுவாள். இலுப்பைப் பூ உதிரும் மாதங்களில் இருவரும் நிறையப் பேசிக்கொள்வார்கள்.

மயிலாத்தா புருஷன் வீட்டுக்குப் போன பிறகு வந்த கோடையில், கிழக்கே இருந்து ஒரு ராஜா வந்து அந்தச் சீமையைப் பிடித்தான். பறையடித்தார்கள். "இன்று முதல் இந்த ஊர் வீரகண்டபுரம்!" வீரகண்டன் என்பது அந்த ராஜாவின் பட்டப்பெயர். ஊரார் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். வரி கட்டப் போனால் வீரகண்டபுரம் என்பார்கள், வீட்டுக்கு வந்தால் இலுப்பைத்துறை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு அறுப்பு முடிவதற்குள் மேற்கே இருந்து இன்னொருவன் வந்து அந்த ராஜாவை விரட்டினான். மறுபடியும் பறை. இந்த முறை ஊர் ரணசூரப்பேட்டை ஆயிற்று. ஆனால் இவன் முன்னவனைப் போல விட்டுவிடுகிறவன் இல்லை. தான் விரட்டிய எதிரியின் பெயர் எவன் வாயிலாவது வந்தால் அவனுக்கு ஆகாது. எதிரி பெயரை மட்டும் தடுத்தால் பயந்துவிட்டான் என்பார்களே என்று, பழைய பெயர் எதையுமே சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டான். சொன்னால் துறை மரத்தில் கட்டிவைத்துச் சாட்டையடி. அதைப் பார்த்துக்கொள்ள மணியக்காரர் ஒருவரையும் அனுப்பினான்.

மணியக்காரர் வெளியூர்க்காரர். யார் எந்த வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் ஒரு நாள் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"உனக்கு இங்கிருந்து ஊர் முழுக்கத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"ஆறும் தெரியும், ஊரும் தெரியும்" என்றது பறவை.

"பேச்சும் கேட்குமோ?"

"காற்று இந்தப் பக்கம் அடித்தால் கேட்கும்."

"அப்படியானால் பழைய பெயரைச் சொல்கிற ஆளை எனக்குக் காட்டிக்கொடு. களஞ்சியத்துத் தானியத்தில் உனக்கும் உன் குஞ்சுகளுக்கும் எந்தக் காலத்திலும் பங்கு உண்டு."

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. வயலில் கொத்துவதற்கு ஒன்றும் இல்லை. பறவை சரி என்றது.

முதலில் அடி வாங்கியவன் குயவன் சடையன். சந்தைக்குப் போன இடத்தில், எந்த ஊர்ப் பானை என்று ஒருத்தி கேட்க, வாய் பழக்கத்தில் இலுப்பைத்துறைப் பானை என்றுவிட்டான். அதன் பிறகு அவன் வலது தோள் சக்கரத்துக்கு வளையவில்லை. அடுத்து இரண்டு பெண்கள், ஒரு வண்டிக்காரன். ஊருக்கு வாய் கட்டிப்போயிற்று. மரத்தின் பெயரைச் சொல்லவே பயந்தார்கள். கோயில் விளக்குக்கு அந்த மரத்து எண்ணெய் வாங்கப் போகிறவன்கூட "அந்த எண்ணெய் கொடுங்க" என்றுதான் கேட்டான். பறவை தாழப் பறந்தால் பேசிக்கொண்டிருப்பவர்கள் எழுந்து உள்ளே போய்விடுவார்கள்.

பூவாயி ஒரு நாள் காலையில் பரிசலைத் துடைத்துக்கொண்டே மேலே பார்க்காமல் கேட்டாள்.

"உன் கண்ணு முன்னாலதானே கட்டிவெச்சு அடிக்கிறாங்க. உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"நானா அடிக்கிறேன்? பார்த்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்" என்றது பறவை. "என் குஞ்சுகள் பசியில் செத்திருந்தால் நீங்கள் யாராவது வந்து கேட்டிருப்பீர்களா?"

யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்தான். ஆனாலும் அன்றிலிருந்து பூவாயியும் அதனுடன் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

இதற்கிடையே மலையடிவாரத்தில் மயிலாத்தா முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம். தாய் வீட்டில் பார்க்க வேண்டிய பிரசவம். புருஷனை ராஜாவின் ஆட்கள் படைக்கு மூட்டை சுமக்கப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மாமியார் உயிரோடு இல்லை. அம்மாவுக்குச் சொல்லியனுப்பவும் ஆள் இல்லை. மாதம் நெருங்கியதும், மாற்றுச்சேலை ஒன்றை மூட்டையாகக் கட்டிக்கொண்டு அவளே நடந்து புறப்பட்டுவிட்டாள்.

வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் "இலுப்பைத்துறைக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டாள். அவள் ஊரை விட்டுப் போனபோது அதற்கு அந்த ஒரு பெயர்தான். கேட்டவர்களில் சிலருக்கு நிஜமாகவே தெரியவில்லை. தெரிந்தவர்கள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு ஊரே இல்லையே அம்மா" என்று நடையைக் கட்டினார்கள். ஒரு ஆடு மேய்ப்பவன் அவள் வயிற்றைப் பார்த்தான், எதையோ சொல்ல வாயெடுத்தான், பிறகு ஆட்டை அதட்டிக்கொண்டு போய்விட்டான். பிறந்து வளர்ந்த ஊர் இல்லையாம். அவள் நடுவழியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து, ஆறு இருந்தால் ஊரும் இருக்கத்தானே வேண்டும் என்று ஆற்றைத் தேடிப் பிடித்து, அதன் வடகரையோடு நடக்க ஆரம்பித்தாள்.

ஒரு வளைவில், தூரத்தில், எதிர்க்கரையில் இலுப்பை மரத்தின் தலை தெரிந்தது. அவளுக்கு உயிர் வந்தது. பரிசல் துறைக்குச் சுற்றிப் போக இன்னும் வெகு தூரம். ஆறோ அந்த வளைவில் வறண்டு மணலாகக் கிடந்தது. சின்ன வயதில் கோடையில் நடந்து கடந்த மணல்தான். இறங்கி நடந்தாள்.

மேற்கே மலையில் முந்தின நாளே மழை பிடித்திருந்தது அவளுக்குத் தெரியாது. ஆற்றின் நடுவே வரும்போது புதுவெள்ளம் வந்துவிட்டது. முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர். நாணல் வளர்ந்த ஒரு மணல்திட்டில் ஏறி நின்றாள். தலைக்கு மேல் நாணல், எந்தப் பக்கமும் கரை தெரியவில்லை. அப்போது பார்த்து இடுப்பு வலியும் எடுத்தது.

வெள்ளத்தைப் பார்க்க ஊரே துறையில் கூடியிருந்தது. மணியக்காரர் மரத்தடியில் நின்றார். பறவை ஆற்றுப் பக்கமிருந்து பறந்து வந்து அவர் எதிரில் இறங்கியது.

"திட்டில் ஒரு பொம்பளை நிற்கிறாள். பழைய பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்துகிறாள்" என்றது, எப்போதும் சொல்கிற மாதிரியே.

"என்ன பொம்பளை?"

"வயிற்றுப் பிள்ளைக்காரி. வலி எடுத்த மாதிரி இருக்கிறது. கையில் ஒரு துணி மூட்டை. அம்மா, அம்மா என்கிறாள்."

தாய் வீடு தேடி வந்த தன் மகள்தான் என்று கூட்டத்தில் நின்ற பூவாயிக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எந்தத் திட்டு? எத்தனை திட்டு கிடக்குது இந்த ஆத்துல! எந்தத் திட்டுன்னு சொல்லு!"

பறவை மணியக்காரரைப் பார்த்தது.

"சொல்ல வேண்டாம்" என்றார் அவர். "நாம் பிடித்து அடிப்பதை ஆறே செய்துவிட்டுப் போகிறது. வேலை மிச்சம்."

பறவை ஆற்றுப் பக்கம் திரும்பியது. இத்தனை நாளும் சொன்னதோடு தன் வேலை முடிந்தது என்றுதான் அது நினைத்திருந்தது. அன்றும் சொல்லியாயிற்று. ஆனால் திட்டில் தண்ணீர் ஏறுவதை அது பார்த்துவிட்டு வந்திருந்தது. இவர்களில் வேறு யாரும் பார்க்கவில்லை.

பூவாயி அதன் பதிலுக்காக நிற்கவில்லை. பரிசலை இழுத்து வெள்ளத்தில் போட்டாள். நாணலுக்குள் நிற்கிறவளுக்குக் கரை தெரியாது, காதுக்காவது எட்டட்டும் என்று, அடிவயிற்றிலிருந்து கூவினாள்.

"மயிலாத்தா! கண்ணு! இதுதான் இலுப்பைத்துறை! இலுப்பைத்துறை இங்கதான் இருக்குது! குரல் குடு!"

மணியக்காரர் பதறிப்போய், "பிடி அவளை!" என்று காவலாட்களைப் பார்த்துக் கத்தினார். காவலாட்கள் தண்ணீரைப் பார்த்துத் தயங்கினார்கள். அந்த நேரத்தில் குயவன் சடையன் கரையோரம் வந்து நின்றான். ஏற்கெனவே அடி வாங்கியவனுக்கு இனி என்ன பயம் என்று நினைத்தானோ என்னவோ, அவனும் கூவினான். "இலுப்பைத்துறை! அம்மிணி, இலுப்பைத்துறை!" பிறகு அடி வாங்கிய பெண்கள். பிறகு ஊரில் யார் கூவவில்லை என்று கேட்டால் சொல்வது கடினம்.

"யார் யார் கத்துகிறார்கள், பார்த்துச் சொல்!" என்று மணியக்காரர் பறவையிடம் திரும்பினார்.

பறவை அங்கே இல்லை.

அது ஆற்றின் நடுவுக்குப் போய், மயிலாத்தா நின்ற திட்டுக்கு நேர் மேலே வட்டமடித்தது. வெள்ளத்தின் இரைச்சலில் அதன் மெல்லிய பாட்டு யார் காதுக்கும் எட்டாது. அதனால் பாட்டை விட்டுவிட்டுக் கத்தியது. "இதோ ஆள்! இங்கே ஆள்! இங்கே ஆள்!" பூவாயி நிமிர்ந்து பார்த்தாள். பறவை எங்கே சுற்றுகிறதோ அதற்கு நேராகத் துடுப்பைப் போட்டாள். சுழல் பரிசலைத் திருப்பிவிடும்போதெல்லாம் பறவை தலைக்கு மேல் வந்து கத்தும், மறுபடி திட்டுக்குப் பறக்கும். கத்திக் கத்தி அதன் தொண்டை கிழிந்தது. கண்ணோரத்துத் தோல் ரத்தமாகச் சிவந்து போயிற்று.

பரிசல் திட்டை முட்டியபோது தண்ணீர் மயிலாத்தாவின் முழங்காலுக்கு மேல் வந்திருந்தது. நாணலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஊரே இல்லைன்னு சொன்னாங்கம்மா" என்றாள், பரிசலில் ஏறும்போது.

"இருக்குது கண்ணு. படு, பேசாதே."

பரிசல் கரை சேரும் முன்பே குழந்தை அதில் பிறந்தது. பெண் குழந்தை. கரையில் நின்ற பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பரிசலை இழுத்து, சேலைகளை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள்.

மணியக்காரரால் ஊர் முழுவதையும் மரத்தில் கட்டிவைத்து அடிக்க முடியவில்லை. கோபத்தை எங்காவது காட்டியாக வேண்டுமே. மறுநாள் ஆள் வைத்து அந்த இலுப்பையையே வெட்டிச் சாய்த்தார். உச்சிக்கிளையிலிருந்த கூடு முட்டைகளோடு ஆற்றில் போயிற்று. பறவை வேறு மரம் தேடிப் போனது. ஆனால் அது இறங்கிய மரத்தில் எல்லாம் மற்ற பறவைகள், காட்டிக்கொடுக்கிற உனக்கு இங்கே இடமில்லை என்று விரட்டிவிட்டன. கடைசியில் ஆற்றோரத்துச் சரளைக்கல் நடுவே, வெறுந்தரையில், கல்லோடு கல்லாக முட்டையிட்டது.

பூவாயி அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கமாகப் பரிசலை ஒதுக்கினாள். நன்றி என்று அவள் சொல்லவில்லை. சடையனின் தோளை நினைத்தால் சொல்ல வாய் வரவில்லை. மகளையும் பேத்தியையும் பார்த்தால் திட்டவும் வாய் வரவில்லை.

"என்னை என்னவென்று கூப்பிடுவீர்கள் இனி?" என்று பறவைதான் கேட்டது. குரல் கரகரவென்று இருந்தது.

"ஆள்காட்டி" என்றாள் பூவாயி. "எங்களைக் காட்டிக்கொடுத்ததும் நீதான். எம் புள்ளையைக் காட்டிக்கொடுத்ததும் நீதான். ரெண்டுக்கும் அந்த ஒரே பேருதான்."

ஊர் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டது.

ரணசூரனும் நிலைக்கவில்லை. அடுத்து வந்தவன் திருமுடிநல்லூர் என்று பறையடித்தான், அதற்கடுத்தவன் வேறொன்று. வெட்டிய இலுப்பையின் அடித்தூரும் ஒரு பெருவெள்ளத்தில் பெயர்ந்து போய்விட்டது. ஊரில் உள்ளவர்கள் இப்போது வெறுமனே 'துறை' என்கிறார்கள். கேட்கிறவன் தனக்கு வேண்டிய பெயரை அதற்கு முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்று முதல்தான் ஆள்காட்டி மரம் ஏறாமல் கற்களுக்கு நடுவே தரையில் முட்டையிடுகிறது. ஆற்றங்கரையில் மனிதத் தலை தெரிந்ததும், வருகிறவர் நல்லவரா கெட்டவரா என்று பார்க்காமல், கண்ணோரம் சிவக்க, கிழிந்த குரலில் ஊருக்கெல்லாம் சொல்கிறது.