ராஜாவின் நிழலை மிதித்தவர்

கொன்றைநாட்டை விடங்கவர்மர் என்றொரு ராஜா ஆண்டது எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் தொந்தி பெரிதாகவும் இருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் யானை உண்டு, படை உண்டு. ஆனால் அவர் உயிராக நினைத்தது தன் நிழலைத்தான். அதை மிதித்தவனுக்குப் பாதி மீசையை மழித்துவிட வேண்டும் என்பது சட்டம். நிழலைக் காக்கத் தனி அதிகாரியே இருந்தார், நிழல்நாயகம் மழவராயர். ராஜா காலையில் உலாப் போனால் நிழல் தெருவை அடைத்துக்கொண்டு நீளும். நாயகத்தின் ஆட்கள் அதைச் சுற்றிக் கயிறு பிடித்துக்கொண்டே ஓடுவார்கள். மீசை இல்லாதவர்களுக்கு என்ன தண்டனை என்று சட்டத்தில் இல்லை. இருந்தாலும் எதற்கு வம்பு என்று கீரைக்காரிகள் கூடையோடு யார் வீட்டுக்குள்ளாவது புகுந்து கொல்லை வழியாக வெளியேறுவார்கள்.

ஒருநாள் சபையில் நாயகம் எழுந்தார். "மகாராஜா, பகலெல்லாம் தரையில் இழுபட்டு நிழல் களைத்துப்போகிறது. அது படுத்துறங்க ஓர் அறை வேண்டும்."

ராஜா பக்கத்தில் கிடந்த நிழலைப் பார்த்தார். "முகம் கறுத்துத்தான் போயிருக்கிறது," என்றார்.

"மேல்மாடத்து அறை இருக்கிறது, மகாராஜா. செத்துப்போன வெண்கோடனாரின் ஓலைகளைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. மடைப்பள்ளிக்கு அனுப்பினால் இரண்டு நாள் அடுப்பெரியும்."

சபை ஓரத்தில் நாழிகை வட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த எயினி சட்டென்று தலையை நிமிர்த்தினாள். அடியில் துளையிட்ட அந்தக் கிண்ணம் தண்ணீரில் மூழ்கும்போதெல்லாம் மணி அடிப்பது அவள் வேலை. வெண்கோடனார் அரண்மனைக் கணியர். முப்பத்தொன்பது வருஷம், பகலில் கோல் நட்டு நிழலை அளந்தார், இரவில் விண்மீன்களைப் பார்த்தார், இரண்டையும் ஓலையில் எழுதினார். ஊர் கூடிச் சிரித்துப் பேசுகிற மாலை நேரத்தில் அவர் வேலைக்குக் கிளம்பிவிடுவார். அதனால் சிநேகிதர் என்று ஒருவரும் சேரவில்லை. பாடை தூக்க மூன்று பேர் வந்தார்கள். நாலாவது ஆள் கூலிக்கு. அப்படி ஒரு மனுஷர் இருந்தார் என்பதற்கு மிச்சம் அந்த ஓலைகள்தான்.

எயினி எழுந்தாள். "நிழலைக் காக்கத் தெரியாதவர் நிழலுக்கு அறை கேட்பது வேடிக்கையாக இருக்கிறது, மகாராஜா."

"யாருக்கடி தெரியாது?" என்றார் நாயகம்.

"நாளைக்குச் சித்திரை ஏழு. உச்சிவேளையில், இதே முற்றத்தில், ராஜாவின் நிழலை ஒருவர் இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு நிற்பார். நீங்கள் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். ஒரு வார்த்தை பேசமாட்டீர்கள்."

நாயகம் சிரித்தார். "தண்ணீரையே பார்த்துப் பார்த்து உன் மூளை ஊறிப்போயிருக்கிறது. அப்படி எவனாவது மிதித்தால் அவன் தண்டனையை நான் வாங்கிக்கொள்கிறேன்." காதுவரை போகிற மீசையை ஒருமுறை நீவினார். "மிதிக்காவிட்டால்?"

"ஓலைகளை நானே சுமந்துபோய் அடுப்பில் வைக்கிறேன். மிதித்தால், அறை ஓலைகளுக்கு."

ராஜாவுக்கு ஒரே கொண்டாட்டம். "நாளைக்குச் சாப்பாட்டைச் சற்றுத் தள்ளிவையுங்கள்," என்றார். அந்த வாக்கியத்தை அரண்மனை அதற்குமுன் கேட்டதில்லை.

மறுநாள் ராஜா முற்றத்தின் நடுவே நின்றார். எயினி குடையை விலக்கச் சொன்னாள். இரண்டு நிழலும் கலந்தால் எது யாருடையது என்று தகராறு வருமாம். நாற்பது காவலர் கயிறு பிடித்தார்கள். ஒரு காக்கை தாழப் பறந்தது. அதைப் பிடிக்க இருவர் ஓடினார்கள்.

மேற்கே நீண்டு கிடந்த நிழல் வெயில் ஏற ஏறச் சுருங்கியது. கயிறும் சுருங்கியது. வட்டம் குறுகக் குறுகக் காவலர்கள் ஒருவர் மூக்கை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். எயினி அண்ணாந்து சூரியனைப் பார்த்தாள். கிழவர் கணக்கில் ஒரு நாள் பிசகியிருந்தால்? நல்ல நேரம் பார்த்து ஒரு மேகம் வேறு வந்தது. நின்று யோசித்துவிட்டு நகர்ந்து போனது.

வட்டில் மூழ்கியது. மணி அடித்தாள்.

கயிறு இப்போது ராஜாவின் கணுக்காலைச் சுற்றி இருந்தது.

"நிழல் எங்கே, நாயகம்?" என்றார் ராஜா. "குனிந்தால் எனக்குத் தொந்திதான் தெரிகிறது."

நாயகம் தரையில் குப்புற விழுந்து பார்த்தார். "இருக்கிறது, மகாராஜா."

"எங்கே?"

"தங்கள் பாதத்துக்கு அடியில்."

"அப்படியானால் அதை மிதித்துக்கொண்டு நிற்பது யார்?"

நாயகம் வாயைத் திறக்கவில்லை.

ராஜாவின் கை தானாகத் தன் மீசைக்குப் போனது. பிறகு நாயகத்தின் மீசையைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. "நாவிதரைக் கூப்பிடுங்கள். நாயகம் சொன்ன சொல் தவறமாட்டார்."

"உனக்கு எப்படியம்மா தெரிந்தது?" என்று ராஜா எயினியைக் கேட்டார்.

"வருஷத்தில் இரண்டு நாள் உச்சியில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வந்துவிடுகிறது, மகாராஜா. சித்திரையில் ஒரு நாள், ஆவணியில் ஒரு நாள். நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். வெண்கோடனார் எழுபத்தெட்டுத் தடவை பார்த்து எழுதியிருக்கிறார்."

ராஜா ஓலைகளைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினார். "எங்கேயும் அவர் பெயரைக் காணோமே."

"நாளும் நிழலும்தான் எழுதினார். தன்னை எழுதிக்கொள்ளத் தோன்றவில்லை போலிருக்கிறது."

ராஜா ஓலைகளை அவளிடம் நீட்டினார். "முதல் ஓலையில் அவர் பெயரை எழுது. அறை வாசலிலும் வெட்டச் சொல்," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "என் பெயரும் எங்காவது ஒரு மூலையில்?" என்றார்.

எயினி எழுத்தாணியை எடுத்து எழுபத்தொன்பதாவது வரியை எழுதினாள்: 'சித்திரை ஏழு. நிழல் காலடியில். கோலாக நின்றவர் விடங்கவர்மர்.'

ராஜா அதை நான்கு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகுதான் சாப்பிடப் போனார்.