எட்டு என்று போட்ட கன்

ஷமீமாவிடம் தொழில் கற்க வந்தவர்களிலேயே வயதில் மூத்தவர் தேவசகாயம். குருவுக்கு முப்பது வயது. சீடருக்கோ மூத்த மகளே கல்யாணமாகிப் போய்விட்டாள்.

ஓசூரில் இன்குபேட்டர் செய்யும் தொழிற்சாலை அது. குறைமாதத்தில் பிறந்த குழந்தையை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் பெட்டி. அங்கே போல்ட்டை முறுக்கிப் பூட்டும் மின்சார ஸ்க்ரூ கன்களில் எந்த இடத்துக்கு எது என்று முடிவு செய்கிற எஞ்சினியர் ஷமீமா.

தேவசகாயம் அதற்கு முன்பு லாரியின் அடிச்சட்டமான சேஸிஸைப் பூட்டிக்கொண்டிருந்தவர். காற்றழுத்தத்தில் ஓடும் கன்னை வைத்து போல்ட் கத்தும்வரை இறுக்கிவிட்டு, மனசு கேட்காமல் இன்னொரு தடவையும் இறுக்குகிற ஆள். அந்தத் தொழிற்சாலையை மூடியபின் வெகுநாள் சும்மா இருந்தார். இங்கே நேர்முகத் தேர்வு, ஷமீமா கொடுத்த டீயைக் குடிக்கும் நேரத்தில் முடிந்து வேலையும் கிடைத்தபோது, சந்தோஷத்தைவிட சந்தேகம்தான் அதிகமாக இருந்தது. ஆள் தெரியாமல் எடுத்துவிட்டார்களோ?

சில மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றிருந்தார்கள். அந்தக் கெடு இந்த வாரத்தோடு முடிகிறது.

"மாடல் நம்பரை வாசிக்கக் கத்துக்கங்க அண்ணே, மத்தது தன்னால வரும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார் ஷமீமா. முன்னால் இருக்கும் எழுத்து வயரா பேட்டரியா என்று சொல்லும். கடைசி எழுத்து பிடி நேராக இருக்குமா வளைந்திருக்குமா என்று சொல்லும். தேவசகாயம் இரண்டையும் மனப்பாடம் செய்துவிட்டார். நடுவில் நிற்கும் எண்ணைப் பற்றி மட்டும் அவர் கேட்கவே இல்லை. லாரிக் கம்பெனியில் கன்மேல் எழுதியிருந்த எண் போல்ட்டின் அளவு. இதில் கேட்க என்ன இருக்கிறது?

எனவே, மூடி பூட்டும் லைனுக்கு எட்டாம் நம்பர் போல்ட் என்றதும், எட்டு என்று போட்ட கன்களுக்கு அவரே ஆர்டர் எழுதினார்.

கன்கள் அன்று காலை வந்து சேர்ந்தன. மதியம் லைன் ஓட வேண்டும். ஒன்றை ஆசையாக எடுத்து மாட்டி, ஒரு மூடியில் வைத்து அழுத்தினார். படக்கென்று ஒரு சத்தம். கண்ணாடி மாதிரியான அந்த பிளாஸ்டிக் மூடியில் குறுக்கே விரிசல் ஓடியது.

கூடவே வந்த சின்னப் புத்தகத்தைப் புரட்டினார். எட்டு என்பது போல்ட்டின் அளவே இல்லை. கன் எவ்வளவு பலமாக முறுக்கும் என்கிற கணக்கு. மூடிக்கு விதித்திருந்தது நாலு.

கன்கள் இருந்த பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு ஷமீமாவின் மேசைக்குப் போனார். சிமெண்ட் மூட்டை கனம்.

"மேடம், தப்புப் பண்ணிட்டேன்."

"முதல்ல பெட்டிய இறக்குங்க அண்ணே. முதுகு போயிரும்."

"எல்லாமே எட்டு மேடம். நமக்கு வேண்டியது நாலு. ஒரு மூடிய உடைச்சே போட்டேன்." கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே போயிடறேன்."

ஷமீமா அட்டையைப் பார்க்கவில்லை. டீ வந்திருந்தது. ஒரு பேப்பர் கப்பில் விளிம்புவரை ஊற்றி அவரிடம் நீட்டினார். லேசாக அழுத்தினாலே வளைந்துபோகிற கப். தேவசகாயம் வாங்கிக்கொண்டார்.

"அந்தப் பெட்டியத் தூக்கிட்டு வந்தது இந்தக் கைதானே?"

"ஆமா."

"கப் ஏன் நசுங்கல?"

தேவசகாயம் கையைப் பார்த்தார். கப்பைப் பார்த்தார்.

"நான் அவ்வளவு அழுத்தலையே மேடம்."

"அதையே கன்கிட்டயும் சொல்லுங்க."

பெட்டியைத் திறந்து ஒரு கன்னை மாட்டினார் ஷமீமா. அதனுடன் வந்த கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்த அழுத்த, எட்டு ஏழாகி, ஆறாகி, நாலில் நின்றது. புது மூடி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். தேவசகாயம்தான் அழுத்தினார், கண்ணை இறுக மூடிக்கொண்டு. கன் கிர்ரென்று ஓடி, டிக் என்று தானாக நின்றது.

"கண்ணத் திறங்க அண்ணே."

மூடி முழுசாக இருந்தது. விரலால் போல்ட்டைச் சுற்றித் தடவிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. அப்பாடா என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"அப்போ எட்டுன்னு பேர் வச்சிருக்கறது?"

"அதால முடிஞ்ச உச்சம். இடையில எங்க வேணா நிக்கும்."

"நாலுன்னு போட்ட கன்னே வாங்கியிருக்கலாமே?"

"அதுக்கு நாலுதான் உச்சம். நாள் முழுக்க மூச்சுப் பிடிச்சுத்தான் வேலை பார்க்கும் அது. உங்க ஆர்டர்ல கையெழுத்துப் போட்டது யாரு?"

"நீங்கதான்."

"எட்டுன்னு பார்த்துட்டுத்தான் போட்டேன். நீங்க வேற எதையோ நினைச்சு சரியா எழுதியிருக்கீங்க."

தேவசகாயத்துக்குச் சிரிப்பு வந்தது. "உடைஞ்ச மூடிய என்ன பண்றது மேடம்?"

"என் மேசைமேல வைங்க. அடுத்து வர்றவங்க நடு நம்பரைப் பத்திக் கேட்காம இருந்தா காட்டணும்."

அவர் அடையாள அட்டையை எடுத்து மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டார். டீயைக் கையில் எடுத்தார். போகாமல் நின்றார். வந்த நாளிலிருந்து தொண்டையிலேயே நிற்கிற கேள்வி ஒன்று இருந்தது.

"மேடம், என் பயோடேட்டா முழுக்க லாரி, லாரின்னுதான் இருந்துச்சு. குழந்தைப் பெட்டி வேலைக்கு என்னை எப்படி எடுத்தீங்க? பயமா இல்லையா?"

ஷமீமா அடுத்த கன்னை எட்டிலிருந்து நாலுக்கு இறக்கிக்கொண்டே சொன்னார்:

"இன்டர்வியூ அன்னைக்கும் உங்களுக்குப் பேப்பர் கப்லதானே டீ கொடுத்தேன்?"