இளவரசிக்கு நூறு வருஷத்துச் சாமான்

முன்னொரு காலத்தில், பங்குனி மாதத்தில் ஒரு காலை, நாலு பக்கமும் மலை சூழ்ந்த ஒரு ராஜ்ஜியத்தின் சபையில் இருந்தவர்கள்: ராஜா தென்னவராயன். அவர் மடியில், பிறந்து மூன்று மாதமான இளவரசி. களஞ்சிய அதிகாரி பூவராகன். தலையாட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லாத பதினொரு பிரபுக்கள். தூணில் சாய்ந்தபடி விதூஷகன் செங்கோடன். கணவாய் வழியாக அன்றுதான் வந்து இறங்கிய உப்பு வியாபாரி ஒருவர். ராணி இல்லை. அவள் பிரசவத்தோடு போய்விட்டாள். அதற்குப் பிறகு ராஜா சிரித்து யாரும் பார்க்கவில்லை.

வியாபாரி சொன்னார். "மகாராஜா, கடற்கரை நாட்டு அரசர் படுத்த படுக்கையாகிவிட்டார். பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு படை திரட்டுகிறார்கள். கணவாயை அடைத்தாலும் அடைப்பார்கள். அடைக்காமலும் போகலாம். உப்பு வேண்டுமென்றால் இப்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது."

அவரிடம் விற்பதற்கு இருபது வண்டி உப்பு இருந்தது. ஆனாலும் அவர் சொன்னது பொய் இல்லை.

ராஜா குனிந்து மகளைப் பார்த்தார். அது அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த ராஜ்ஜியத்துக்கு உப்பு, மிளகு, பெருங்காயம், கருவாடு எல்லாம் அந்த ஒரு கணவாய் வழியாகத்தான் வர வேண்டும்.

"என் மகளுக்கு எந்தக் குறையும் வரக் கூடாது" என்றார். "நூறு வருஷத்துக்கு அவளுக்கு வேண்டிய எல்லாவற்றையும் களஞ்சியத்தில் சேர்த்துப் பூட்டுங்கள்."

பிரபுக்கள் தலையாட்டினார்கள். பூவராகன் எல்லாரையும்விட ஒரு முறை கூடுதலாக ஆட்டினார்.

இருபது வண்டி உப்பு போதவில்லை. நூறு வருஷம் என்றால் சும்மாவா? பூவராகன் வீரர்களைத் தெருத்தெருவாக அனுப்பினார். பங்குனியில்தான் வீட்டுக்கு வீடு வருஷத்துச் சாமானைச் சேர்த்து முடித்திருப்பார்கள். புளியைக் கொட்டை நீக்கி, உப்புப் போட்டுப் பானையில் அடைத்திருப்பார்கள். துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்திருப்பார்கள். மிளகாய் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். வீரர்கள் வந்த நேரம் அப்படி. மூன்று நாள் சாப்பாட்டை விட்டுவிட்டு மீதியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று நாள் முடிந்ததும் அரண்மனை வாசலில் தினம் வீட்டுக்கு ஒரு படி அரிசி கொடுத்தார்கள். உப்பு, புளி, பருப்பு கொடுக்கவில்லை. அவை இளவரசிக்கு.

பருப்பும் மிளகாயும் மூட்டையில் வந்தன. வீடுகளின் உப்பும் புளியும் மண்பானையில் வந்தன. அரசாங்கக் களஞ்சியத்தில் மண்பானையா என்று பூவராகன் முகம் சுளித்தார். உப்பையும் புளியையும் பளபளவென்று தேய்த்த செப்பு அண்டாக்களில் மாற்றச் சொன்னார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

களஞ்சியத்தைத் திறக்க உத்தரவு இல்லாததால் அரண்மனைச் சமையலறையிலும் உப்பில்லாத கஞ்சிதான். ராஜாவும் அதைத்தான் குடித்தார். மகளுக்காக என்று நினைத்துக்கொண்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

மாட்டுக்காரத் தெருவில் குப்பாயி என்று ஒரு பெண். இளவரசிக்குப் பால் கொடுப்பவள் அவள்தான். அவளுக்கும் நாலு மாதத்தில் ஒரு பெண் குழந்தை இருந்தது. பத்தாம் நாள் காலை அவள் செங்கோடனை வழிமறித்தாள்.

"அண்ணே, ஒரு நிமிஷம் நில்லுங்க. ராஜாகிட்டச் சொல்ல எனக்குப் பயமா இருக்கு."

"என்னம்மா?"

"பால் இறங்க மாட்டேங்குது. முன்னாடி ரெண்டு பிள்ளைக்கும் போக மிச்சம் இருந்துச்சு. இப்ப ஒண்ணுக்கே பத்தல. இருக்கறத அங்க குடுத்துட்டு வந்துடறேன். எங்க மாடும் சினையா இருக்கு, கறக்கறதில்ல. எம்பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணியத் துணியில நனைச்சு வாயில வெக்கிறேன். ராத்திரி பூராக் கத்துது."

"சாப்பாடு?"

"சாப்பாடு எங்கே? உப்பில்லாத கஞ்சி எத்தனை நாளைக்கு உள்ள எறங்கும்? பூண்டும் பருப்பும் போட்டு ஒரு குழம்பு வெச்சுத் தின்னா ரெண்டு நாள்ல சரியாயிரும். களஞ்சியத்துல போய்க் கேட்டேன். இளவரசிக்கு வெச்சத எடுக்க வந்தியான்னு அந்த ஐயா விரட்டிட்டாரு."

செங்கோடனுக்கு எதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு இருக்கும். அன்று இல்லை. "பிள்ளையத் தூக்கிட்டு நாளைக்குக் காலையில களஞ்சியத்துக்கு வா. மாட்டையும் புடிச்சுக்கிட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சபைக்குப் போனான்.

சபையில் வணங்கி நின்றான். "மகாராஜா, களஞ்சியத்தைப் பூட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இளவரசிக்கு வேண்டியவற்றுள் முக்கியமானதே உள்ளே வந்து சேரவில்லை."

பூவராகன் எழுந்துவிட்டார். ராணி இறந்த பிறகு ராஜா வாய் திறந்து நாலு வார்த்தை பேசுகிற ஒரே ஆள் செங்கோடன்தான் என்பது அவருக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

"அரசே, என் களஞ்சியத்தில் குறை காண்கிறான் இந்தக் கோமாளி. அப்படியானால் அவனே நிறைவு செய்யட்டும். நூறு ஆண்டுகளில் இளவரசியாருக்கு வேண்டியது எதுவும் வெளியே இருக்கக் கூடாது. நாளை மாலைக்குள் எல்லாம் களஞ்சியக் கதவுக்கு உட்புறம் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் இவன் நாட்டை விட்டுப் போக வேண்டும்."

ராஜா செங்கோடனைப் பார்த்தார். "சம்மதமா?"

"சம்மதம், மகாராஜா. தச்சர்களும் ஒரு பெரிய வண்டியும் வேண்டும். நான் கொண்டுவருவதை யாரும் தடுக்கக் கூடாது."

"அப்படியே ஆகட்டும்."

மறுநாள் காலை ராஜா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு களஞ்சியத்துக்கு வந்தார். உள்ளே மூட்டைகள் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. வாசலில் பூவராகன் சாவிக்கொத்தோடு நின்றார். செங்கோடன் குப்பாயியை அழைத்துக்கொண்டுபோய், அண்டாக்களுக்கு நடுவில் ஒரு மணைப் பலகை போட்டு உட்காரவைத்தான்.

"இது என்ன?" என்றார் பூவராகன்.

"இளவரசியாரின் சாப்பாடு, ஐயா. நூறு ஆண்டுகளில் முதல் ஆண்டு இதுதான். தங்கள் பட்டியலில் இல்லை."

செங்கோடன் வாசல் பக்கம் திரும்பிக் கையசைத்தான்.

"குப்பாயி பிள்ளையை விட்டுவிட்டு இருக்க மாட்டாள். ஆகவே பிள்ளையும் உள்ளே." பிள்ளை உள்ளே வந்தது. "அடுத்த ஆண்டு இளவரசியார் பசும்பால் குடிப்பார். ஆகவே மாடு." மாடு உள்ளே வந்தது. "மாடு இவள் புருஷனைத் தவிர வேறு யாரையும் பக்கத்தில் சேர்க்காது." புருஷனும் வந்தான். "இளவரசியார் தத்தித் தத்தி நடந்து துணியை அழுக்காக்குவார்." வண்ணார் ஒருவர் மூட்டையோடு வந்தார். "பானையை உடைப்பார்." குயவர் சக்கரத்தோடு வந்தார். "உடைத்துவிட்டுக் காலைக் கிழித்துக்கொள்வார்." வைத்தியர் வந்தார். "தனியாக விளையாட மாட்டார்." தெருப் பிள்ளைகள் முப்பது பேர் கூச்சலோடு உள்ளே ஓடி, மிளகாய் மூட்டைமேல் ஏறித் தும்மினார்கள்.

"அரசே, இது களஞ்சியமா சந்தையா?" என்றார் பூவராகன்.

"நான் கொண்டுவருவதை யாரும் தடுக்கக் கூடாது என்று மகாராஜா ஒப்புக்கொண்டார், ஐயா" என்றான் செங்கோடன்.

அதற்குள் மாடு ஒரு செப்பு அண்டாவில் தலையை விட்டு உப்பை நக்க ஆரம்பித்தது. குப்பாயி பலகையிலிருந்து எழுந்து ஓடினாள்.

"மாட்ட இழுய்யா. இழுங்கறேன்ல?" என்று புருஷனைத் திட்டினாள். அண்டாவுக்குள் கைவிட்டு ஒரு பிடி உப்பை அள்ளி வெளிச்சத்தில் காட்டினாள். ஓரமெல்லாம் பச்சை. பக்கத்து அண்டாவில் புளியைக் கிள்ளிப் பார்த்தாள். அதிலும் பச்சை. "செம்புல எந்தக் கூறுகெட்ட மனுஷன் உப்பையும் புளியையும் போட்டான்? களிம்பேறிக் கெடக்கு. இதத் தின்னா பிள்ளைக்குக் கொடலே வெளிய வந்துரும்."

கூறுகெட்ட மனுஷன் யார் என்று அவளுக்குத் தெரியாது. மற்ற எல்லாருக்கும் தெரியும். பதினொரு பிரபுக்களும் உத்தரத்தைப் பார்த்தார்கள்.

"பத்து நாளிலேயே இப்படியா?" என்றார் ராஜா.

அப்போது இளவரசி அழுதது. பசி அழுகை. ராஜா மகளைக் குப்பாயியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றார். அழுகை நிற்கவில்லை. சிறிது நேரத்தில் குப்பாயியின் பிள்ளையும் சேர்ந்து அழுதது.

"ஏன் அழுகிறாள்?" என்று திரும்பாமலே கேட்டார்.

குப்பாயி செங்கோடனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

"பால் இல்லைங்க சாமி. எட்டு நாளாக் கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. இன்னைக்குச் சுத்தமா இல்லை. வெறுங்கஞ்சியில எப்படி ஊறும்? எங்க வீட்டுப் பருப்பு, பூண்டு, உப்பு எல்லாம் இந்த மூட்டையிலதான் எங்கியோ இருக்கு."

ராஜா ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். அது பருப்பு மூட்டை.

"செங்கோடா, அவள் அம்மாவுக்கு வேண்டியதை நான் முன்கூட்டியே யோசிக்கவில்லை. இவளுக்காவது எல்லாவற்றையும் யோசித்துவிட வேண்டும் என்று நினைத்தேன்."

"தெரியும், மகாராஜா."

"நான் என் மகளுக்கு என்னதான் சேர்த்து வைத்தேன்?"

"மலையளவு சேர்த்து வைத்தீர்கள். நூறு வருஷத்துக்குக் கவலை இல்லை. இன்றைக்கு மட்டும்தான் பட்டினி."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் தலை போயிருக்கும். ராஜா தலையைக் குனிந்துகொண்டார்.

"பயந்தது தப்பில்லை, மகாராஜா. கணவாய் அடைபட்டாலும் படும். ஆனால் உத்தரவு இன்னும் நிறைவேறவில்லை. மாட்டுக்குப் புல் வேண்டும். புல்லுக்கு வயல். வயலுக்கு ஏரி. எல்லாம் கதவுக்கு உட்புறம் வர வேண்டும்."

பூவராகனுக்கு உயிர் வந்தது. "ஏரியை உள்ளே கொண்டுவருவாயோ?"

"ஏரி வராது, ஐயா. ஆகவே கதவை அனுப்பிவிட்டேன்."

எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். கதவு இல்லை. எல்லாரும் உள்ளே மாட்டையும் அண்டாவையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, பிள்ளைகள் போட்ட கூச்சலில் தச்சர்கள் இரண்டு கதவையும் கீலோடு கழற்றியது யாருக்கும் கேட்கவில்லை. தெருக்கோடியில் ஆறு மாடு பூட்டிய வண்டி ஒன்று கதவுகளைச் சுமந்துகொண்டு போய்க்கொண்டிருந்தது.

"எங்கே போகிறது அது?" என்றார் ராஜா.

"கணவாய்க்கு. நம் நாட்டுக்கு நாலு பக்கமும் மலைச் சுவர், ஒரே ஒரு வாசல். சாயங்காலத்துக்குள் அங்கே மாட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஏரி, வயல், ஊர், ஒவ்வொரு வீட்டு அடுப்படியும் களஞ்சியக் கதவுக்கு உட்புறம்தான். உத்தரவில் ஒன்றுகூட விடுபடாது. எந்தச் சாமான் எந்த அறையில் இருக்க வேண்டும் என்று மட்டும் தாங்கள் சொன்னால் போதும்."

பூவராகன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் சாவிக்கொத்து இருந்தது. பூட்டுவதற்கு அவருக்கு முன்னால் வெறும் காற்றுதான் இருந்தது. ராஜா அவரைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். முதலில் மூக்கு வழியாக ஏதோ சத்தம் வந்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வழிந்தது. அது சிரிப்பால் மட்டும் வந்ததல்ல.

"அவரவர் சாமான் அவரவர் அடுப்படியில் இருக்கட்டும்" என்றார். "வாங்கி மூட்டையிலேயே வைத்திருக்கும் இருபது வண்டி உப்பையும் மண்பானையில் போட்டு வீட்டுக்கு வீடு கொடுத்துவிடுங்கள். களிம்பேறியதைக் கொட்டுங்கள். பூவராகரே, அண்டாக்களை நீரே தேய்ப்பீர்."

கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் செங்கோடன் கழுத்தில் போட்டார். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. "இன்னும் என்ன வேண்டும், கேள்."

"முதல் மூட்டை குப்பாயி வீட்டுக்குப் போகட்டும், மகாராஜா."

அந்த வருஷம் ஆடியில், வியாபாரி சொன்னபடியே, கணவாய் அடைபட்டது உண்மைதான். மூன்று மாதம் ஒரு வண்டிகூட வரவில்லை. ஜனங்கள் பக்கத்து வீட்டில் உப்புக் கேட்டார்கள், முறைத்துக்கொண்டார்கள், மறுபடியும் போய்க் கேட்டார்கள். யாரும் சாகவில்லை. ஆனால் அது பிறகு நடந்தது.

அன்று மத்தியானம் மாட்டுக்காரத் தெருவில் பூவராகன் பருப்பு மூட்டையைச் சுமந்துகொண்டு முன்னால் போனார். ராஜா பூண்டையும் உப்புப் பானையையும் தாமே தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். குப்பாயி இரண்டு தோளிலும் இரண்டு பிள்ளைகளோடு நடந்தாள். பால் ஊறும்வரை இளவரசி தன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அவள் கேட்டிருந்தாள். அடுப்பை விட்டுவிட்டு அரண்மனைக்கு நடந்துகொண்டிருந்தால் எப்போது சமைப்பது, எப்போது தின்பது என்றாள். எதிர்வீட்டுக்காரிக்கும் கைக்குழந்தை இருந்தது. அதுவரை இரண்டு பிள்ளைகளுக்கும் தினம் ஒரு வேளைப் பால் கொடுத்து உதவுவதாக அவள் சொல்லியிருந்தாள். ராஜா பாதி வழி வரை யோசித்துவிட்டுச் சரி என்றார்.

புருஷன் மூட்டையை உள்ளே வாங்கிக்கொண்டான். வாசற்படியில் ராஜா நின்றார். போகவில்லை.

"வாசலில் நாலு காவலரை நிறுத்திவிட்டுப் போகட்டுமா?"

"வேணாங்க சாமி. இடுப்புல கத்தி வெச்சுக்கிட்டு நாலு பேர் நின்னா பிள்ளைங்க எப்படித் தூங்கும்?"

"அழுதால் சொல்லி அனுப்புவாயா?"

"அழும் சாமி. பிள்ளைன்னா அழும். நாளைக்குக் காலையில வந்து பாருங்க."

"நான் இங்கேயே ஓரமாக உட்கார்ந்திருக்கிறேனே."

"நீங்க உக்காந்திருந்தா எனக்குப் பால் எறங்காது. கூச்சமா இருக்கும்ல."

செங்கோடன் வேறு பக்கம் பார்த்தான். ராஜா மறுபடியும் சிரித்தார். இந்த முறை மெதுவாக. மகளின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படியிலிருந்து இறங்கினார். குப்பாயி இரண்டு பிள்ளைகளோடும் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.