கார் சாவி கேட்ட கிளீனர்

சங்ககிரியில் லாரி முதலாளி தங்கவேலுவின் மகன் ஓட்டிய லாரி, சைக்கிளில் போனவர் மேல் ஏறி அவர் காலை நசுக்கிவிட்டது. மகனைக் காப்பாற்ற, "ஓட்டினது கிளீனர் சூசைதான்" என்று போலீசில் சொல்லிவிட்டார் முதலாளி.

சூசைக்குக் கை கால் ஓடவில்லை. கோர்ட்டில் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள் என்று யாரோ சொல்ல, அங்கே ஓடினான். வக்கீல் நசீமா அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். முதலாளியும் அங்கேதான் இருந்தார்.

"நீ ஓட்டலைன்னு நிரூபி, பாக்கலாம்!" என்று எகிறினார் முதலாளி.

சூசை கைகட்டி நின்றான். "நீங்க சொன்னாச் சரிதானுங்க மொதலாளி. லாரியே ஓட்டினவனுக்குக் கார் எம்மாத்திரம்? சாவியைக் குடுங்க, உங்களை ஊட்ல உட்டுட்டு வர்றேன்."

"என் காரையா?" தங்கவேலு சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அலறினார். "ஸ்டியரிங்கையே தொட்டறியாத பய நீ! என்னைக் கொல்லப் பாக்கறயா?"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "அப்ப லாரியை ஓட்டினது யாருங்க?"

"அவர் சொன்னதை அப்படியே எழுதிக்குங்க சார்" என்றார் நசீமா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மகனைக் கூட்டிவர ஜீப் கிளம்பியது. காலில் அடிபட்டவரும் பிழைத்துக்கொண்டார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. அன்றைக்குத்தான் சூசைக்குச் சோறு தொண்டையில் இறங்கியது.