சடைக்குக் காவலிருந்த உலகம்மை

ஆற்றுப் படித்துறையில் பாசி வழிப்பதே உலகம்மை அம்மையாரின் திருப்பணி. திருமஞ்சன நீர் சுமந்து ஏறும் குருக்கள் வழுக்கி விழக்கூடாதே என்று, விடிந்ததும் ஓட்டாஞ்சில்லோடு படிகளில் குந்திவிடுவார். வழித்த பாசியை எறிய மாட்டார். கோயிலுக்குப் பின்னால், வெறும் ஆற்றுமணலில் தாம் நட்ட நந்தியாவட்டையின் தூரில் இடுவார். அதன் வெள்ளைப் பூ நாள்தோறும் லிங்கத்தின் முடியில் ஏறும். அவரால் கொடுக்க முடிந்தது அவ்வளவே.

நடு ஆற்றில் ஒரு பாறை. அதில் கரும்பச்சையாய்த் திரண்டு நீரோட்டத்தில் அசையும் பாசியை மட்டும் அவர் வழித்ததில்லை. “அது சாமியோட சடைல்லா” என்று கும்பிடுவார்.

குடமுழுக்கு நெருங்கியது. தர்மகர்த்தா கோமதிநாயகம், கல்வெட்டில் சாமி பெயரைவிடத் தம் பெயரைப் பெரிதாகச் செதுக்கச் சொன்ன பக்திமான். பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று படிகளெங்கும் பிளீச்சிங் பவுடரைக் கொட்டச் செய்தார். படிகள் வெளுத்தன. தூரில் இடப் பாசி இல்லை. சில வாரங்களில் நந்தியாவட்டையும் மஞ்சளித்தது, மொட்டுகள் அருகின.

“பாறைல அம்புட்டுக் கெடக்கே, கொஞ்சம் வழிச்சுப் போடேன்” என்றாள் பூக்காரி வடிவு.

“சாமி முடியப் பிடுங்கி சாமிக்கே பூ வைக்கவாட்டீ?” என்றார் அம்மையார்.

அடுத்து அந்தப் பாறைக்கே ஆட்கள் வாளியோடு இறங்கினார்கள். அம்மையார் பாய்ந்து போய்ப் பாறையைக் கட்டிக்கொண்டார். இடுப்பளவு நீர் அவரை இழுத்தது.

“ஏ உலகம்மா, எந்திரி! அழுக்கைப் போயி சாமிங்கியே?” என்று கரையிலிருந்து கத்தினார் தர்மகர்த்தா.

“மொதல்ல எம்மேல ஊத்துங்க மொதலாளி.”

கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தர்மகர்த்தா குரலில் தேன் தடவிக்கொண்டார். “சரி, சாமிகிட்டயே பூப்போட்டுப் பாப்போம். ஒரு பொட்டலத்துல வெள்ளைப் பூ, இன்னொண்ணுல செவப்பு. வெள்ளை வந்தா பாறையை விட்டுருதோம். செவப்பு வந்தா பவுடரு.”

“வெள்ளைக்கு என் செடியில ஒரு பூ இருக்கு அய்யா...”

“அதை நீ சாமிக்கே சாத்திக்கோ. ரெண்டு பொட்டலமும் நானே கட்டுதேன்.” என்ன தாராளம்!

சன்னதியில் கூட்டம் பார்த்திருக்க, குருக்கள் அந்த ஒற்றைப் பூவை லிங்கத்தின் முடியில் வைத்தார். இரண்டு இலைப் பொட்டலங்களையும் அடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். ஈரச்சேலையில் நடுங்கியபடி, “உன் சடை, நீயே பாத்துக்கோ” என்றார் அம்மையார். குருக்கள் ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

செவ்வரளி.

அம்மையார் கண்களை மூடிக்கொண்டார். தர்மகர்த்தா வாளிக்காரர்களுக்குச் சைகை காட்டக் கை தூக்கினார். அப்போது லிங்கத்தின் முடியிலிருந்த வெள்ளைப் பூ நழுவி, பிரிக்காத பொட்டலத்தின்மேல் விழுந்தது.

“சாமி இதையும் பிரிக்கச் சொல்றார்” என்று பிரித்த குருக்கள் திகைத்தார். “என்ன ஓய், இதுவும் செவப்பு!”

தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தர்மகர்த்தாவுக்குத் தெரியவில்லை. கூட்டம் சிரித்த சிரிப்பில் வாளிகள் தாமே கரையேறின.

மழை வந்தது. பாறைப் பாசி மெல்லப் படிகளுக்கும் பரவியது. அம்மையார் அதை வழித்துத் தூரில் இட, நந்தியாவட்டை மீண்டும் பச்சை பிடித்தது. ஓடும் நீரில் கல்லைப் பற்றிக்கொண்டு, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும் பாசி அது. இது அம்மையாருக்குத் தெரியாது, தர்மகர்த்தாவுக்கும் தெரியாது. தெரியாததை ஒருவர் கும்பிட்டார், மற்றவர் பவுடர் போட்டார். சாமி யார் பக்கம் நின்றார் என்பதை ஊரே பார்த்தது.

பாசி படிந்த அந்தக் கைகளை நாமும் ஒருமுறை கும்பிட்டுக்கொள்வோம்.